ரி.வி.ஈ.சி பதிவும் என்.வி.கியூ அங்கீகாரமும்: யாழ்ப்பாணத்துப் பயிற்சி நிலையங்களுக்கு ஒரு மதிப்பாய்வு

அரசாங்க நிதியில் இளைஞர்களுக்குத் தொழில் பழக்க விரும்பும் நிலையம் எதுவாக இருந்தாலும், நாரஹேன்பிட்டி எல்விட்டிகல மாவத்தையில் ‘நிபுணதா பியச’ கட்டடத்தில் இயங்கும் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் வாசலைத்தான் முதலில் மிதிக்க வேண்டும். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் வகுத்திருக்கிறது. எல்லோரும் ரி.வி.ஈ.சி என்று சொல்லும் இந்த ஆணைக்குழு பயிற்சி நிலையங்களுக்குத் தரும் சேவையைத்தான் இங்கே மதிப்பிடுகிறோம். எங்கள் கணிப்பைச் சுருக்கமாகச் சொன்னால்: ஒவ்வொரு தொழிலுக்கும் ஆணைக்குழு வைத்திருக்கும் தரநியமம் மிக நல்லது. தலத்துக்கு வந்து பார்க்கும் பரிசோதனை பயனுள்ளது. மதிப்பீட்டாளர் ஒழுங்கும், நிதி எப்படிப் பங்கிடப்படுகிறது என்ற வெளிப்படைத்தன்மையும் யாழ்ப்பாணத்து நிலையங்களுக்குப் போதாது.

விண்ணப்பத்தைக் கையில் எடுக்குமுன் ஒரு விடயம் தெளிய வேண்டும், ஏனெனில் இங்கே அதிகம் குழப்பப்படுவது இதுதான். நிலையத்தைப் பதிவு செய்வது ஒரு படி. ஒரு பாடநெறிக்கு என்.வி.கியூ, அதாவது தேசிய தொழிற் தகைமை, அங்கீகாரம் பெறுவது அடுத்த படி. அந்தப் பாடநெறிக்கு அரச நிதி கிடைப்பது மூன்றாவது படி. ஒன்றைக் கடந்தால் மற்றது தானாகக் கிடைக்காது. யாழ் நகரத்துச் சுவர்களில் ‘அரச பதிவு பெற்றது’ என்று ஒட்டப்படும் விளம்பரங்களில் பல முதலாவதை மட்டும் சொல்பவை. அந்த நிலையத்தில் கொம்பியூட்டர் ஹாட்வெயார் பாடநெறிக்கு 4ஆம் மட்டச் சான்றிதழ் தர அனுமதி உண்டா என்பது வேறு கேள்வி. பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோரும் இந்த வேறுபாட்டைத் தெரிந்திருக்க வேண்டும்.

வி.ரி.ஏ (தொழிற்பயிற்சி அதிகாரசபை), நைற்றா (தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை), தொழில்நுட்பக் கல்லூரி போன்ற அரச நிறுவனங்களுக்கும் இதே அளவுகோல்தான். தனியாருக்கு ஒரு சட்டம், அரசுக்கு ஒரு சட்டம் என்று இல்லாதது இந்த முறைமையின் பெரிய பலம். சாவகச்சேரியில் ஒரு சங்கம் நடத்தும் தையல் நிலையத்தில் 4ஆம் மட்டம் முடித்த பிள்ளையும் அரச நிலையத்தில் முடித்த பிள்ளையும் ஒரே சான்றிதழைத்தான் பெறுகிறார்கள். தேசிய தொழிற் தகைமைச் சட்டகத்தில் மொத்தம் 7 மட்டங்கள் உண்டு. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, உயர் டிப்ளோமா, 7 பட்டம். 4ஆம் மட்டம் முடித்தவர் 5ஆம் மட்டத்துக்கு ஏறி, அங்கிருந்து பல்கலைக் கல்லூரிக்கும், 2008இல் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்துக்கும் போகலாம். க.பொ.த உயர்தரத்தில் தவறிய பிள்ளைக்கு இந்தப் பாதை திறந்தே இருக்கிறது. அங்கீகாரத்துக்குப் படும் பாடு வீண்போகாது என்று நாங்கள் துணிந்து சொல்வது இதனால்தான்.

இனிப் பதிவு. வேண்டிய ஆவணங்கள் பெரிதாக ஒன்றுமில்லை: வியாபாரப் பதிவு அல்லது கம்பனிப் பதிவு, சங்கமானால் சங்கப் பதிவு, கட்டடத்தின் உறுதி அல்லது குத்தகை ஒப்பந்தம், தள வரைபடம், உபகரணப் பட்டியல், போதனாசிரியர்களின் தகைமைச் சான்றுகள், பாடத்திட்டம். இவை சரியாக இருந்தால் கடதாசி வேலையில் பெரிய சிக்கல் வராது. சிக்கல் வருவது பெரும்பாலும் முகவரியில். வியாபாரப் பதிவில் திருநெல்வேலி வீட்டு முகவரி, குத்தகை ஒப்பந்தத்தில் கொக்குவில் கட்டடம், விளம்பரத்தில் ‘யாழ்ப்பாணம்’ என்று மட்டும் இருந்தால் கோப்பு அந்த இடத்திலேயே நின்றுவிடும். பதிவு குறித்த இடத்துக்கு உரியது. யாழ் நகரத்தில் பதிவு பெற்ற நிலையம் நெல்லியடியில் கிளை திறந்தால், அந்தக் கிளைக்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டும். குத்தகை ஒரு வருடத்துக்கு மட்டும் எழுதியிருந்தால் அதையும் முதலில் நீட்டிக்கொள்ளுங்கள். பதிவுக் காலம் முடியுமுன் குத்தகை முடிகிற நிலையத்தை எவரும் நம்பிக்கையோடு பார்க்க மாட்டார்கள்.

அங்கீகாரத்தில்தான் உண்மையான வேலை இருக்கிறது. ஒவ்வொரு தொழிலுக்கும் தேசிய தேர்ச்சித் தரநியமம் என்று ஓர் ஆவணம் உண்டு. அந்தத் தொழிலைச் செய்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை அதில் அலகு அலகாகப் பிரித்து எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு அலகின் கீழும் செயல்கள், செயல் சரியாக நடந்ததா என்று அளக்கும் நிபந்தனைகள், வேண்டிய கருவிகள் என்று வரிசையாக வரும். கோப்பு கட்டத் தொடங்குமுன் இதைத்தான் எடுக்க வேண்டும். பல நிலையங்கள் முதலில் கட்டடம் எடுத்து, கருவி வாங்கி, ஆளைச் சேர்த்துவிட்டுக் கடைசியில் தரநியமத்தைத் திறக்கின்றன. அப்போது கையிலிருக்கும் கருவிக்கும் ஆவணம் கேட்கும் கருவிக்கும் இடையில் பள்ளம் தெரியும், பணமோ செலவாகிப் போயிருக்கும்.

நாங்கள் பரிந்துரைக்கும் முறை இது. ஒரு பெரிய தாளில் மூன்று நிரல் கீறுங்கள். முதல் நிரலில் தரநியமத்தின் ஒவ்வொரு செயலும், இரண்டாவதில் அதைப் பழக்க உங்களிடம் இருக்கும் கருவியும் இடமும், மூன்றாவதில் அதைப் பழக்கப்போகும் போதனாசிரியரின் பெயரும் வரட்டும். வெறுமையாகக் கிடக்கும் கட்டம் எதுவோ அதைத்தான் மதிப்பீட்டுக் குழு வந்து கேட்கும். இந்தத் தாள் உண்மையாக நிரம்பினால் விண்ணப்பத்தின் பாதி வேலை முடிந்த மாதிரி.

வளிச்சீராக்கி, குளிர்சாதனத் திருத்துநர் பாடநெறியை எடுத்துப் பார்ப்போம். ஒரு பழைய ஜன்னல் ஏ.சி.யும் இரண்டு குளிர்சாதனப் பெட்டியும் வைத்துக்கொண்டு விண்ணப்பிப்பவர்கள் உண்டு. அது போதாது. வெற்றிடப் பம்ப், மனிஃபோல்ட் கேஜ், குழாய் விரிக்கும் கருவி, பிறேசிங் செற், வாயுவை வெளியில் விடாமல் உருளைக்குள் மீட்டெடுக்கும் இயந்திரம் எல்லாம் வேண்டும். பழைய ஏ.சி.களில் இருக்கும் ஆர்-22 வாயு, ஓசோன் படையைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ், எங்களைப் போன்ற வளர்முக நாடுகளில் 2030ஐ நோக்கிப் படிப்படியாக விலக்கப்பட்டு வருகிறது. இன்று யாழ்ப்பாணத்து வீடுகளில் புதிதாகப் பூட்டப்படுபவை ஆர்-32, ஆர்-410ஏ வாயுவில் ஓடும் இன்வேர்ட்டர் ஸ்பிளிற்றுகள். ஆர்-22 மட்டும் பழகிய பிள்ளை சான்றிதழோடு வெளியே வந்தாலும் முதல் வேலையிலேயே திணறும். ஆர்-32 மெல்ல எரியும் தன்மை உள்ளது என்பதால் காற்றோட்டமுள்ள பட்டறை வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது.

கருவிக்கும் ஆளுக்கும் உள்ள விகிதம் இன்னொரு கண்ணி. வெல்டிங் வகுப்பில் 20 பேர், வெல்டிங் தளம் 4 என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 4 மணித்தியாலம் செய்முறை என்றால் தளம் தரும் மொத்த நேரம் 16 மணித்தியாலம். ஒருவருக்கு 48 நிமிடம்தான் விழும். மிச்ச நேரம் நின்று பார்ப்பதில் போகும். ஆட்தொகையை 12 ஆகக் குறைத்தால் ஒருவருக்கு 80 நிமிடம் வரும், அல்லது இரண்டு சுற்றாகப் பிரித்து காலை, பிற்பகல் என்று நடத்தலாம். விண்ணப்பத்தில் எத்தனை பேர் என்று எழுதும் எண் வெறும் ஆசையாக இருக்கக்கூடாது. மின்சாரமும் அப்படியே. நான்கு வெல்டிங் செற்றை ஒரே நேரத்தில் வீட்டு இணைப்பில் ஓட்ட முடியாது. 400 வோல்ற் மும்முனை இணைப்புக்கு மின் விநியோக நிறுவனத்தில் முற்கூட்டியே விண்ணப்பியுங்கள். எர்த் சரியா, ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்பதைப் பரிசோதனை நாளுக்கு முன்னரே ஒரு மின்னியலாளரைக் கொண்டு அளப்பித்து, தாளில் எழுதி வாங்கி வைத்திருங்கள்.

செலவாகிப் போகும் பொருட்களுக்கு உபகரணப் பட்டியலில் இடம் கிடைப்பதில்லை. வெல்டிங்குக்குக் கம்பி, பேக்கரிக்கு மாவும் மாஜரினும், தையலுக்குத் துணி, அழகுக்கலைக்குக் கிறீம் என்று ஒவ்வொரு தொழிலிலும் பழகுவதற்கென்றே தீர்ந்துபோகும் பொருள் உண்டு. இதைச் சேமிக்கப் பார்க்கும் நிலையத்தில் பிள்ளைகள் கருவியைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள், வேலை செய்திருக்க மாட்டார்கள். கொள்வனவுப் பற்றுச்சீட்டுகளை மாதவாரியாகக் கோவைப்படுத்தி வைத்தால் பயிற்சி உண்மையில் நடந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

போதனாசிரியர் விடயத்தில் கற்பிக்கும் மட்டத்துக்குக் குறையாத தகைமையும் தொழில் அனுபவமும் காட்ட வேண்டும். யாழ்ப்பாணத்தில் கைவேலையில் தேர்ந்த மேசன், மோட்டார் மெக்கானிக், தச்சுத் தொழிலாளர் பலரிடம் சான்றிதழ் இல்லை. அவர்களை ஒதுக்கிவிட வேண்டாம். முன் கற்றலை அங்கீகரிக்கும் முறை இதற்கென்றே இருக்கிறது: நைற்றா அல்லது வி.ரி.ஏ மூலம் விண்ணப்பித்து, செய்த வேலைக்கான சான்றுகளைக் காட்டி, செய்முறையில் தேர்ச்சியை நிரூபித்தால் வகுப்பில் இருந்து படிக்காமலேயே என்.வி.கியூ பெறலாம். அப்படி ஒருவரைத் தயார்படுத்தி அவருக்குக் கற்பித்தல் முறையும் பழக்கினால், கொழும்பில் படித்துவிட்டு ஆறு மாதத்தில் வெளிநாடு போகிறவரைவிட நிலையத்துக்கு நின்று உதவுவார். ஒரே போதனாசிரியரின் சான்றிதழை மூன்று நிலையங்கள் தங்கள் கோப்பில் வைப்பது பிடிபடும். பிடிபடாவிட்டாலும் அது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

தர முகாமைத்துவ முறைமை என்றதும் பலர் பயப்படுகிறார்கள். ஐ.எஸ்.ஓ 9001இன் வழியில் அமைந்தது இது: யார் எதற்குப் பொறுப்பு, பிள்ளையைச் சேர்ப்பது எப்படி, முறைப்பாடு வந்தால் என்ன செய்வது, உள்ளகக் கணக்காய்வு எப்போது, குறை கண்டால் திருத்தியதற்குச் சான்று எங்கே என்பவற்றை எழுதி, எழுதியபடி நடப்பது. வேறு நிலையத்தின் கைநூலைப் போட்டோகொப்பி எடுத்துப் பெயரை மாற்றுவதால் பயனில்லை. மூன்று பேர் வேலை செய்யும் நிலையத்தில் ‘பிரதிப் பணிப்பாளர்’, ‘கல்விப் பீடம்’ என்று இல்லாத பதவிகள் அந்தக் கைநூலில் கிடக்கும். பத்துப் பக்கம் போதும், ஆனால் உங்களுடைய பத்துப் பக்கமாக இருக்க வேண்டும்.

இனி எங்கள் மனத்தாங்கல். முதலாவது மொழி. தரநியமங்களும் பாடத்திட்டங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. தமிழ்ப் பிரதி எல்லாத் தொழிலுக்கும் இல்லை. ஆங்கிலத்தில் உள்ளதைப் போதனாசிரியர் தன் விளக்கப்படி தமிழில் சொல்ல, மதிப்பீட்டாளர் வேறு சொல்லால் கேட்க, வேலை தெரிந்த பிள்ளை விழிக்கிறது. சட்டப்படி தமிழ் அரச கரும மொழி. வடக்கு, கிழக்கு நிலையங்கள் நடத்தும் எல்லாத் தொழில்களுக்கும் ஆணைக்குழுவே ஒரே கலைச்சொற்களோடு தமிழ்த் தரநியமம் வெளியிட வேண்டும். அதுவரை, பயிற்சி தொடங்கும் முதல் வாரத்திலேயே ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், பட்டறையில் வழங்கும் சொல் மூன்றையும் ஒரு பட்டியலாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது மதிப்பீட்டாளர். இறுதி மதிப்பீட்டைச் செய்ய ஆணைக்குழுவில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் வர வேண்டும், பிள்ளையைப் பழக்கியவரே மதிப்பிட முடியாது. நியாயமான விதி. ஆனால் தமிழில் நடத்தக்கூடிய மதிப்பீட்டாளர் எல்லாத் தொழிலிலும் இங்கே கையெட்டும் தூரத்தில் இல்லை. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். திகதி தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் பிள்ளைகள் சிதறுகிறார்கள்: ஒருவர் கட்டார் போகிறார், ஒருவர் கடையில் வேலைக்குச் சேர்கிறார், பிறகு மதிப்பீட்டுக்கு அழைத்தால் வருவதில்லை. பயிற்சி முடிந்த பின் மதிப்பீட்டுக்குக் கேட்காமல், தொழிற்தளப் பயிற்சி தொடங்கும்போதே திகதிக்கான வேலையைத் தொடங்குங்கள். பிள்ளையின் பதிவேடு, அலகுவாரியான தொடர் மதிப்பீட்டுத் தாள்கள், தொழிற்தள மேற்பார்வையாளரின் கையொப்பம் மூன்றும் முழுமையாக இல்லாவிட்டால் வந்த மதிப்பீட்டாளரும் திரும்பிப் போகவேண்டி வரும். எல்லா அலகிலும் தேறாதவருக்கு முழுச் சான்றிதழ் வராது, தேறிய அலகுகளுக்கு மட்டும் அடைவுப் பதிவு கிடைக்கும். விடுபட்ட அலகைப் பின்னர் நிறைவு செய்யலாம் என்பதைப் பிள்ளைக்கும் வீட்டாருக்கும் சொல்லி வையுங்கள். ‘பெயில்’ என்று நினைத்துப் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

தொழிற்தளப் பயிற்சிக்கு இடம் பிடிப்பதும் எங்கள் மாவட்டத்தில் இலேசில்லை. பெரிய தொழிற்சாலை என்று சொல்ல அதிகமில்லை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றது நின்றதுதான். அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை, நகரத்து ஹோட்டல்கள், கராஜ்கள், கட்டட ஒப்பந்தகாரர் என்றுதான் தேட வேண்டும். ஒரு கராஜுக்கு இரண்டு பேருக்கு மேல் அனுப்பினால் ஒருவர் தேநீர் வாங்கப் போவார். பிள்ளைக்கு எந்த அலகுகளில் பயிற்சி வேண்டும் என்று கராஜ்காரருக்கு ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள், மாதம் ஒருதரம் நேரில் போய்ப் பாருங்கள், விபத்துக் காப்புறுதி எடுங்கள். இவற்றை ஒப்பந்தமாக எழுதி வைத்திருந்தால் மதிப்பீட்டுக் குழுவின் நம்பிக்கையும் கூடும்.

மூன்றாவது படியான நிதிக்கு வருவோம். 2014 முதல் 2020 வரை நடந்த திறன்கள் துறை அபிவிருத்தித் திட்டத்தில் ஆசிய அபிவிருத்தி வங்கியும் உலக வங்கியும் கடன் வழங்கின. கட்டுமானம், இலகு பொறியியல், தகவல் தொழில்நுட்பம், சுற்றுலா விருந்தோம்பல் ஆகியவை முன்னுரிமை பெற்றன. தனியார் நிலையங்களும் வேலைவாய்ப்புடன் இணைந்த பயிற்சியின் வழியாக உள்ளே வர அப்போதுதான் கதவு நன்றாகத் திறந்தது. அதிலிருந்து கிடைத்த பாடம் இன்றைக்கும் பொருந்தும்: இப்படியான நிதியில் பணம் தவணையாக வரும், பெரும் பகுதி பிள்ளை முடிப்பதிலும் வேலைக்குச் சேர்வதிலும் தங்கியிருக்கும். ஆறு மாத வகுப்பும் ஆறு மாதத் தொழிற்தளப் பயிற்சியும் கொண்ட பாடநெறியில், கடைசித் தவணை வரும்வரை போதனாசிரியர் சம்பளமும் மூலப்பொருளும் உங்கள் கையிலிருந்துதான் போகும். முடித்தவர் எண்ணிக்கைக்குத்தான் பணம் என்றால், 20 பேரோடு தொடங்கி 14 பேரோடு முடிப்பவர் செலவில் 20ஐயும் வரவில் 14ஐயும் எழுத வேண்டியிருக்கும். விலை குறிக்கும்போது இந்தக் கழிவையும் சேர்த்துக் கணக்குப் போடாதவர்கள் ஒரு சுற்றோடு கதவை மூடுகிறார்கள்.

பிள்ளைகள் இடைவிலகுவதற்கான காரணங்கள் இங்கே எல்லோருக்கும் தெரிந்தவை, ஆனாலும் கால அட்டவணை போடும்போது மறந்துபோகும். வலிகாமத்தில் வெங்காயம் கிண்டும் காலம், உயர்தரம் இரண்டாம் தடவை எடுப்பவர்களின் பரீட்சைக் காலம், தீவகத்துக்குப் போகும் பஸ் நேரம் மூன்றையும் பார்த்து வகுப்பை வையுங்கள். ஊர்காவற்றுறையிலிருந்து வரும் பெண்பிள்ளைக்குக் காலை 9 மணிக்குத் தொடங்கி 3 மணிக்கு முடியும் வகுப்பு வேண்டும். பெண்களுக்குத் தனி மலசலகூடமும் உடுப்பு மாற்றும் அறையும் இல்லாத பட்டறையில் வெல்டிங்குக்கோ மின்னியலுக்கோ பெண்கள் தங்க மாட்டார்கள். ஆட்களைத் திரட்டப் பதினைந்து பிரதேச செயலகங்களிலும் உள்ள மனிதவள அபிவிருத்தி, திறன் விருத்தி உத்தியோகத்தர்களிடம் போங்கள். முகநூல் விளம்பரத்தில் வருபவர்களைவிட அவர்கள் கைகாட்டி அனுப்பும் பிள்ளைகள் நிலைத்து நிற்பார்கள், ஏனெனில் வீட்டு நிலைமை தெரிந்து அனுப்புகிறார்கள்.

ஆணைக்குழுவின் இணையப் பட்டியலில் ஒரு நிலையம் எங்கே இருக்கிறது, எந்தப் பாடநெறிக்கு எந்த மட்டத்தில் அங்கீகாரம் என்று பார்க்கலாம். சான்றிதழ் உண்மையா என்றும் சரிபார்க்கலாம். வேலை கொடுப்பவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் அந்த நிலையத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் அதே தொழிலில் இருக்கிறார்கள் என்பது பட்டியலில் தெரியாது. அமெரிக்காவில் 2014இல் வந்த தொழிலாளர் திறன் சட்டத்தின் கீழ், பொதுப்பணம் பெறத் தகுதியான பயிற்சி நிறுவனங்களின் பட்டியலை ஒவ்வொரு மாநிலமும் வெளியிட வேண்டும். பயிற்சி விட்டு வெளியேறிய பின் இரண்டாம் காலாண்டிலும் நான்காம் காலாண்டிலும் வேலையில் இருப்பவர் வீதம், இடைநிலைச் சம்பளம் என்பன அங்கே அளக்கப்படும் குறிகாட்டிகள். எங்கள் ஆணைக்குழுவும் முடித்தவர் வீதத்தையாவது நிலையவாரியாக வெளியிட்டால், நல்ல நிலையங்கள் விளம்பரத்துக்குச் செலவழிக்காமலே ஆள் சேர்க்கும். அதற்குக் காத்திராமல் முடித்த பிள்ளைகளின் தொலைபேசி இலக்கம், வேலைத்தளம், சம்பளம் ஆகியவற்றை ஆறு மாதத்துக்கு ஒருதரம் கேட்டுப் பதிந்து வையுங்கள். அடுத்த நிதி விண்ணப்பத்தில் வேறு எவராலும் காட்ட முடியாத ஆவணம் அதுவாக இருக்கும்.

பதிவுக்கும் அங்கீகாரத்துக்கும் காலக்கெடு உண்டு. இரண்டின் திகதியும் ஒன்றாக முடிவதில்லை. நிலையத்தின் பதிவு நடப்பில் இருக்க, ஒரு பாடநெறியின் அங்கீகாரம் முடிந்துபோய் அந்த அணிப் பிள்ளைகள் மதிப்பீட்டில் மாட்டுப்படுவது நடக்கிறது. புதிய அணியைச் சேர்க்குமுன் அந்த அணி மதிப்பீடு முடிக்கும் மாதத்தை எண்ணிப் பாருங்கள். அங்கீகாரம் அதற்கு முன் முடிவதானால் முதலில் புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். தரநியமத்தின் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்பதையும் அதே நாளில் பாருங்கள். பதிப்பு மாறியிருந்தால் மூன்று நிரல் தாளைத் திரும்பவும் முதலிலிருந்து நிரப்ப வேண்டும்.